சௌரி பெயரில் புகுந்த ளகரம்

போன மாதம், நான் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து போன் வந்தது. பேசியது இப்போது அங்கே என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண். "தேவி மேடம், சொந்தமா வலைப்பூ நடத்துறவங்களுக்கு உபயோகமான கருவிகள்னு ஒரு கட்டுரை போடறோம். உங்க அனுபவத்துலருந்து பத்து பாயிண்ட் குடுங்களேன்" என்றாள்.

பத்து பாயிண்ட் கொடுக்க நான் என்ன பற்பசை விளம்பரமா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. ரிட்டயர் ஆனபின் என்னிடம் "சாப்பாடு ஆச்சா" என்பதைத் தவிர யாரும் எதுவும் கேட்பதில்லை. சரி என்று ஒப்புக்கொண்டேன்.

கருவிகள் இவைதான். தமிழ் அடிக்க ஒரு விசைப்பலகை. எழுதியதை நகல் எடுத்து வைக்க ஒரு வழி. குப்பைப் பின்னூட்டம் வராமல் ஒரு பூட்டு. எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்ட ஒரு எண்ணி. எழுத்துப் பிழையை மொத்தமாகத் தேடி மாற்ற ஒரு பொத்தான். அவ்வளவுதான், கட்டுரை முடிந்தது. இது பத்து இல்லையே என்றால், மீதியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இத்தனை கருவிகளையும் கையில் வைத்துக்கொண்டு நான் ஒருத்தியின் வலைப்பூவை எப்படிக் குட்டிச்சுவர் ஆக்கினேன் என்பதுதான் சொல்லத் தகுந்த கதை.

1991இல் எங்கள் கன்னட ஊரில், பிரேசர் டவுனில், கம்ப்யூட்டரில் அச்சு வேலை செய்யும் ஒரு டி.டி.பி. கடையில் சேர்ந்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது. தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ். கல்யாணப் பத்திரிகை, ஞானஸ்நான அட்டை, கண்ணீர் அஞ்சலி, மன்ற ஆண்டுவிழா நோட்டீஸ் என்று பத்து வருஷம் அடித்துத் தள்ளினேன். அதற்கு முன் டைப்ரைட்டிங் வகுப்பில் நான் கற்றதில் இந்தக் கதைக்கு வேண்டியது ஒன்றுதான். டைப்ரைட்டரில் ஔகாரத்துக்குத் தனி எழுத்து கிடையாது. கௌரி என்று அடிக்க வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு ள. அந்த ள உண்மையில் ள இல்லை, கொம்பின் வால். ஆனால் பார்க்க இரண்டும் ஒரே மாதிரி. கடையில் கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகும் என் விரல் அதையே செய்தது. கௌரி, மௌனம், பௌர்ணமி எல்லாம் என் கையில் ளகரத்தோடுதான் பிறந்தன. காகிதத்தில் எவர் கண்ணுக்கும் தெரியவில்லை.

பிறகு டி.டி.பி. தொழில் படுத்துவிட்டது. 2001இல் காக்ஸ் டவுனில், ஒரு பழைய வீட்டின் மாடியில் இருந்த சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்தது. இணையத்தில் சொந்தமாக எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு இடம் கொடுத்து, அவர்கள் திணறும்போது போனில் வழி சொல்வது தொழில். தமிழ் வாடிக்கையாளர்கள் எல்லாம் என் தலையில் விழுந்தார்கள், ஏனென்றால் ஆபீசில் தமிழ் அடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

எங்கள் மேனேஜர் ரேணுகப்பா. தும்கூர் பக்கத்து ஆள். கன்னடமும் அரைகுறைத் தமிழும் கலந்து பேசுவார். சத்தம் போட மாட்டார். கோபம் வர வர மரியாதை கூடும். 'நீங்க' என்பது 'தாங்கள்' ஆகிவிட்டால் யாருக்கோ சங்கு என்று அர்த்தம். வாடிக்கையாளரின் வலைப்பக்கத்தில் கை வைக்கும் முன் ஒரு பெரிய நோட்டில் மூன்று கட்டங்கள் நிரப்ப வேண்டும் என்பது அவர் சட்டம். முதல் கட்டம், நகல் எடுத்தாயிற்றா. இரண்டாம் கட்டம், அந்த நகலின் பெயரும் தேதியும். மூன்றாம் கட்டத்தின் தலைப்பு 'யாக்கே'. கன்னடத்தில் 'எதற்கு' என்று அர்த்தம். வாடிக்கையாளர் இதை எதற்காகக் கேட்கிறார் என்று ஒரு வரி எழுத வேண்டும்.

முதல் வாரம் நடந்ததைச் சொன்னால் இன்றைக்கும் எனக்கே வெட்கம். நான் எந்த வேலையை ஆரம்பித்தாலும் தூரத்திலிருந்து, "தேவியம்மா, மொதலு காப்பி தகொள்ளி" என்பார். முதலில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். என்ன தங்கமான மனுஷன், வேலைக்கு முன்னால் ஒவ்வொரு முறையும் காபி குடிக்கச் சொல்கிறாரே என்று நானும் கீழே கடைக்குப் போய்க் குடித்துவிட்டு வந்தேன். ஒரு நாளைக்கு ஆறு காபி. வெள்ளிக்கிழமை நோட்டைப் புரட்டிப் பார்த்து, "காப்பி எல்லி?" என்றார். எங்கே என்கிறார். குடித்துவிட்டேன் சார் என்றேன். ஆபீஸ் மொத்தமும் அன்றைக்கு வேலை செய்யவில்லை. அவர் சொன்னது நகல்.

அதன்பின் நகல் எடுக்கப் பழகிவிட்டேன். ஆனால் அந்த 'யாக்கே' கட்டம் எனக்கு எரிச்சல். ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் வருகை எண்ணி கேட்டார். வைத்துக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் ஆயிரத்தைத் தாண்டியது. மனிதர் பூரித்துப்போய் சுவீட் டப்பாவோடு வந்தார். பார்த்தால் ஆயிரத்தில் தொள்ளாயிரம் அவரே, எண்ணி ஏறுகிறதா என்று பார்க்க வந்து வந்து போனது. இவருக்கெல்லாம் 'எதற்கு' என்று நான் என்னத்தை எழுதுவது? அதனால் மூன்றாம் கட்டத்தில் எல்லோருக்கும் ஒரே வரிதான்: கஸ்டமர் கேட்டார். ரேணுகப்பா அதைப் பார்த்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். திரும்ப மாட்டிக்கொள்வார்.

பிலோமினா அக்கா 2003இல் வந்தார். விவேக் நகர்க்காரர். கார்மெண்ட்ஸ் பேக்டரியில் செக்கிங், அதாவது தைத்து வரும் சட்டைகளில் தப்பு பிடிக்கிற வேலை. முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. உட்கார்ந்ததும் கேட்டார்: "எனக்கு ஒரு ஆளு படிக்கணும். ஒரே ஆளு. அதுக்கு எந்த பேக்கேஜ்?"

அந்த ஒரே ஆள் அவருடைய தம்பி சௌரிராஜ். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வீட்டை விட்டுப் போனவர். எங்கே இருக்கிறார் என்று தெரியாது. "எல்லாரும் அவங்க பேர அவங்களே இன்டர்நெட்டுல தேடிப் பாப்பாங்களாமே. இவனும் ஒரு நாளு பாப்பான் இல்ல? அப்ப நான் வரணும்" என்றார். யோசனை ஒன்றும் மோசமில்லை. ஒரு நாள் பயிற்சி கொடுத்தோம். அவர் அடிக்கக் கேட்ட முதல் சொல்லே தம்பி பெயர்தான். "சௌரின்னு எப்படி அடிக்கறது?"

"கொம்பு, ச, ள, அப்புறம் ரி" என்றேன். நான்தான் சொன்னேன். வேறு யாரும் இல்லை.

அதன்பின் மூன்று வருஷம் எழுதினார். ஒவ்வொரு பதிவும் "டேய் சௌரி" என்றுதான் ஆரம்பிக்கும். தெருவில் யார் செத்தார், யார் மாடி கட்டினார், சர்ச் திருவிழாவில் யார் யாரோடு சண்டை, எந்தக் கறிக்கடை மூடிவிட்டது. பேசுகிற மாதிரியே எழுதுவார். நூற்றி எண்பது பதிவுகள். யாரும் பின்னூட்டம் போட்டதில்லை, குப்பைப் பின்னூட்டத்தில் மருந்து விற்கிறவனைத் தவிர.

2006இல் ஒரு மதியம் படியேறி வந்தார். முகம் சரியில்லை.

"தேவி, நான் பிரவுசிங் சென்டர்ல போய் என் தம்பி பேர நானே தேடினேன். நானே கெடைக்கல."

"அதுக்கு ஏன்க்கா இவ்ளோ பேஜார் ஆவுறீங்க?"

"அடுத்த மாசம் வீட்ட இடிக்கறாங்கம்மா. அபார்ட்மெண்ட் வருதாம். முப்பது வருஷமா வாடகைக்கு இருந்த வீடு. அவனுக்குத் தெரிஞ்ச ஒரே அட்ரஸ் அதான். நாளைக்கு மனசு மாறி வந்து நின்னான்னா அங்க கல்லும் மண்ணும்தான் இருக்கும். புது அட்ரஸ் போட்டு வெச்சிருக்கேன், ஆனா தேடினா வரமாட்டேங்குது. மூணு வருஷம் சும்னே, வீணா எழுதினேனா?"

நோட்டில் எழுதிக்கொண்டேன். மூன்றாம் கட்டத்தில் கஸ்டமர் கேட்டார். பிறகு ஆராய்ந்து பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் காரணம் பிடிபட்டது. அந்த பிரவுசிங் சென்டரில் ஆங்கில எழுத்தை அடித்தால் தமிழ் வரும். அங்கே அடித்த சௌரியில் இருந்தது உண்மையான ஔகாரம். வலைப்பூவில் இருந்தது நான் கற்றுக்கொடுத்த கொம்பு, ச, ள. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு ஆள். நூற்றி எண்பது பதிவிலும் அந்தத் தம்பி பெயர் தப்பு. தப்புக்குத் தாய் நான்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். பதினைந்து வருஷம் தமிழ் அடித்தவள் என்கிற கொழுப்பு விடவில்லை. "சர்வர்ல ஏதோ பிரச்சனைக்கா, நான் பாத்துக்கறேன்" என்றேன். எங்கள் தொழிலில் சர்வரில் பிரச்சனை என்றால் தப்பு என்னுடையது என்று அர்த்தம்.

இப்போதுதான் அந்தப் பொத்தானுக்கு வருகிறேன். மொத்தமாகத் தேடி மாற்றும் பொத்தான். கொம்பும் ளவும் சேர்ந்து வரும் இடத்திலெல்லாம் ஔகாரத்தைப் போடு என்று கட்டளை கொடுத்தேன். ஒரு தட்டுத்தான். ரேணுகப்பா மத்தியான சாப்பாட்டுக்குப் போயிருந்தார். வருவதற்குள் சத்தமில்லாமல் முடித்துவிடலாம் என்று நகல் எடுக்கவில்லை.

சௌரி எல்லா இடத்திலும் சரியாகிவிட்டார். ஆனால் தமிழில் கொம்பும் ளவும் சேர்ந்து வருவது சௌரியில் மட்டுமா? வெள்ளி, வெளிச்சம், வெளியே, தெளிவு, வெள்ளம், கெளுத்தி மீன். அத்தனையிலும் ள காணாமல் போய், அதில் ஒட்டியிருந்த புள்ளியும் இகர, உகர விசிறிகளும் எங்கே ஒட்டிக்கொள்வது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றன. திரை முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளி வட்டங்கள். பார்க்க அம்மை போட்ட மாதிரி இருந்தது.

அந்த நிமிஷம் நிறுத்தியிருந்தால்கூடப் பிழைத்திருப்பேன், பழையபடி திருப்பிப் போட்டிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த வட்டங்களை நீக்க ஓர் இலவசக் கருவியை இணையத்திலிருந்து இறக்கி ஓட்டினேன். அது அனாதையாக நின்ற புள்ளி, விசிறி எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கி வெளியே கொட்டிவிட்டது. பக்கம் பளிச்சென்று ஆகிவிட்டது. நானும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். இலவசக் கருவிகள் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு பாயிண்ட் வேண்டுமென்றால் இதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலையில் பிலோமினா அக்கா போன் செய்தார். "தேவி, மொத பதிவுலயே பதினாலு டேமேஜ்" என்றார், சட்டையை எண்ணுகிற குரலில். "'வெளியே'ன்னு எழுதினேன், 'வௌயே'ன்னு இருக்குது. 'வெளிச்சம்', 'வௌச்சம்' ஆயிருக்கு. தெளிவா எழுதினது எல்லாம் தௌவா ஆயிருக்குது. 'வெளக்கமாறு' ஒண்ணுதான் உருப்படியா இருக்கு. அத எடுத்துக்கினு நேரா அங்க வரட்டா?"

விளக்குமாற்றை அவர் பேச்சு வழக்கில் வெளக்கமாறு என்று எழுதியிருந்தார். அதில் ளவுக்குப் பின்னால் புள்ளி, விசிறி எதுவும் இல்லை. அதனால் தப்பித்தது. இவ்வளவு நாசத்திலும் எனக்கு அது புரிந்து சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு அவர் காதில் விழுந்துவிட்டது. போனை வைத்துவிட்டார்.

ரேணுகப்பாவிடம் போய் நின்றேன். நடந்ததைச் சொல்லி முடித்தேன். பிறகு, "தாங்கள் காப்பி எடுத்தீங்களா?" என்றார். தாங்கள் வந்துவிட்டது. வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"இல்லை சார்."

கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். "மிஷின் கெடுத்தது மிஷின் சரி பண்ணாது. அந்த அம்மாவ கூப்பிடி. கூட உக்காந்து ஓதி. ஒவ்வொரு சொல்லும் அவங்க வாயில இருந்து வரணும். ஆமேல நோட்டுல எழுதி" என்றார். ஓதுவது என்றால் அவர்கள் மொழியில் படிப்பது, ஆமேல என்றால் அப்புறம். அவ்வளவுதான் திட்டு. கன்னத்தில் இரண்டு வைத்திருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

அக்காவை ஆபீசுக்கு வரவழைத்து உண்மை முழுவதையும் சொன்னேன். கொம்பு, ச, ள உட்பட. அவர் நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் இழுத்துப் போட்டார். பிறகு, "எங்க லைன்ல ஒரு பொண்ணு தப்பா தெச்சா, பிரிச்சி அவளே தெக்கணும். உக்காரு" என்றார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். பூசை முடிந்ததும் நேராக ஆபீசுக்கு வந்துவிடுவார். நான் சிதைந்ததைப் படிப்பேன், அவர் சரியானதைச் சொல்வார், நான் அடிப்பேன். கருவி எதுவும் இல்லாமல், வாய், காது, விரல் மட்டும்.

"பக்கத்து வூட்டுப் பெரியவர் வௌயூரு போயிட்டாரு..."

"வெளியூரு. செத்துட்டாருன்னு அர்த்தம்."

"வௌளிக்கிழம மீன் கடையில கௌத்தி..."

"வெள்ளிக்கிழம. கெளுத்தி. ஏம்மா, கெளுத்தி தெரியாதா உனக்கு? நீ தமிழச்சிதானா?"

இரண்டாம் ஞாயிறு ஒரு வரி வந்தது. "அப்பா உன்ன வௌத்த அன்னிக்கும் இப்படித்தான் மழை."

"வெளுத்த" என்றார். அப்புறம் அடுத்த வரிக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார்.

"எதுக்குக்கா வெளுத்தாரு?" என்று கேட்டேன். வம்புக்குத்தான் கேட்டேன், பொய் சொல்வானேன்.

சொன்னார். 1994இல் அவருக்கு நிச்சயதார்த்தம். சொந்தக்காரர்கள் நிறைந்த வீட்டில் சௌரி எழுந்து, மாப்பிள்ளைக்குக் கோலாரில் ஏற்கெனவே ஒரு பெண்டாட்டியும் பிள்ளையும் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் கொதித்துப் போய்விட்டார்கள். அப்பா எல்லோர் முன்னாலும் சௌரியை அடித்தார். "அப்பா அடிச்சதுகூட அவனுக்குப் பெருசில்ல தேவி. நான் எழுந்து போயி, இனிமே என் மூஞ்சில முழிக்காதேன்னு சொன்னேன். அப்பதான் செருப்ப மாட்டினான்."

கல்யாணம் நின்றுவிட்டது. அதற்கும் தம்பிதான் காரணம் என்று இரண்டு வருஷம் அவரைச் சபித்திருக்கிறார். பிறகு ஒரு சர்ச் திருவிழாவில் அந்த மாப்பிள்ளையைப் பார்த்திருக்கிறார், கையில் ஆறு வயதுப் பையனோடு. "வயச வெச்சி கணக்கு போட்டுப் பாத்தேன். நிச்சயத்தப்ப அந்தப் புள்ளைக்கு நாலு வயசு. சௌரி சொன்னது அத்தனையும் நெஜம்."

"இத எந்தப் பதிவுலக்கா எழுதியிருக்கீங்க? நான் இன்னும் பாக்கலியே."

"அடுத்தத படி" என்றார்.

மூன்றாம் ஞாயிறும் முடிகிற நேரம் வந்தது. நூற்றி எண்பதையும் படித்தாகிவிட்டது. கறிக்கடை இருந்தது, மழை இருந்தது, கெளுத்தி இருந்தது. அந்த நிச்சயதார்த்தக் கதை மட்டும் எங்கேயும் இல்லை. நான் அதைக் கேட்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும்போது ரேணுகப்பா வந்தார். லீவு நாளில் லுங்கியும் ஸ்வெட்டருமாக. நோட்டை எடுத்துப் பார்த்தார். மூன்றாம் கட்டம், கஸ்டமர் கேட்டார். நேராக அக்காவின் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து கன்னடத்தில் பேச ஆரம்பித்தார். அக்காவின் கன்னடம் தண்ணீர்பட்ட பாடு. அவர்கள் பேசியதை நான் தமிழில் சொல்கிறேன்.

"எதுக்கும்மா இந்தப் பேரைத் திருத்தணும்?"

"தம்பி தேடினா கிடைக்கணும் சார்."

"தம்பி எந்த மீடியத்துல படிச்சார்?"

"கன்னட மீடியம் சார். பையனுக்கு ஃபேக்டரி வேலை கிடைக்கும்னு அப்பா அவனை அங்க போட்டார். பொண்ணுதானேன்னு என்னைத் தமிழ்ல விட்டுட்டார்."

"அவருக்குத் தமிழ் படிக்க வருமா?"

"சினிமா போஸ்டர்ல ஹீரோ மூஞ்சியப் பாத்துத்தான் படத்துப் பேரைச் சொல்வான்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே கோபமாக மாறியது. மூன்று வருஷமாகப் படிக்கத் தெரியாத ஆளுக்குக் கடிதம். அதில் ஒரு எழுத்தைத் திருத்த நான் வேலையையே அடகு வைத்திருக்கிறேன். "ஏன்க்கா, அவருக்குப் படிக்க வராதுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கத்தியேவிட்டேன்.

"தெரியும்."

"தெரிஞ்சேவா எழுதினீங்க?"

"அந்தத் தைரியத்துலதாம்மா எழுதினேன்" என்றார். தலை நிமிரவில்லை. "அவன் பேரு ஒண்ணு தமிழ்ல அவனுக்கு அடையாளம் தெரியும், அதப் பாக்கணும். அக்கா எழுதறான்னு தெரியணும். யாரையாவது கேட்டு அட்ரஸ் தெரிஞ்சிக்கணும். ஆனா நேரா படிக்கக் கூடாது. படிப்பான்னு தெரிஞ்சா என் கை ஓடாது. மன்னிச்சுக்கோன்னு எழுத எவ்ளோ தடவ ஒக்காந்தேன் தெரியுமா? எழுதறது எல்லாம் கறிக்கடையாத்தான் வருது."

வெளக்கமாற்றுக்குச் சிரித்தவளை நானே நாலு சாத்துச் சாத்தியிருப்பேன்.

ரேணுகப்பா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதைக் கன்னடத்துக்கு மாற்றினார். "ஹேளி" என்றார். சொல்லுங்கள் என்கிறார். "நீங்க தமிழ்லயே சொல்லி. நான் கன்னட எழுத்துல போடறேன். அவரு வாய்விட்டுப் படிச்சா, நீங்க பேசற மாதிரியே கேக்கும்."

அக்கா புது வீட்டு விலாசம் சொன்னார். பிரேசர் டவுனில் எந்தத் தெரு, எந்த பஸ், எந்தக் கடைக்கு எதிர் என்று எல்லாம் சொன்னார். ரேணுகப்பா அடித்துக்கொண்டே வந்தார். நின்றார். "அஷ்டேனா?" என்றார். அவ்வளவுதானா?

அக்கா ஜன்னலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"டேய் சௌரி" என்றார் கடைசியில். "அன்னிக்கு நீ சொன்னது நெஜம்தாண்டா. நான்தான் நம்பல. என் மூஞ்சில முழிக்காதேன்னு சொன்னது தப்பு."

ரேணுகப்பா தலை நிமிராமல் அடித்தார். ஒரு தும்கூர்க்காரர் "டேய்" என்றும் "நெஜம்தாண்டா" என்றும் தமிழைக் கன்னட எழுத்தில் கோர்த்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். மொத்தம் ஆறு வரி. வெளியிட்டோம்.

அந்த வாரமே விவேக் நகர் வீட்டை இடித்தார்கள். அக்கா லீவு போட்டு நின்று பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார். திங்கள், செவ்வாய், புதன் ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை ரேணுகப்பா தன் மேஜையிலிருந்து என்னைக் கூப்பிட்டார். அக்காவின் வலைப்பூவில் ஒரு பின்னூட்டம். மருந்துக்காரன் இல்லை. எழுத்து கன்னடம், பேச்சு தமிழ். நான் கன்னடம் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், அதனால் அவரே வாய்விட்டுப் படித்தார். அவருடைய அரைகுறைத் தமிழ் உச்சரிப்பில்தான் நான் அதைக் கேட்டேன்.

"அக்கா, நான் மைசூர்ல இருக்கேன். லேத் பட்டறை. நம்ம தெரு ஆளு ஒருத்தர் ரெண்டு வருஷம் முன்னாடி இந்த வலைப்பூ விலாசத்த துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தார். வாராவாரம் என் வீட்டுக்காரி படிச்சிக் காட்டுவா. அந்த ஒரு விஷயம் எப்ப வரும்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். ஊர்க்கதையா வந்துது. இதுக்கு அவள கூப்பிடல. நானே படிச்சேன். ஞாயித்துக்கிழம வரேன்."

ரேணுகப்பா கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை கண்ணாடியைத் துடைக்கவில்லை, கண்ணைத் துடைத்தார். நான் அழுதேன், அதில் என்ன மறைக்க இருக்கிறது. தேடுபொறி அவரைக் கொண்டுவரவில்லை. நான் திருத்திய ஔகாரத்துக்கும் இதில் பங்கில்லை. ஒரு துண்டுச் சீட்டு இரண்டு வருஷம் முன்பே என் வேலையை முடித்திருக்கிறது. இந்தப் பாயிண்டை உங்கள் கட்டுரையில் போடுவீர்களோ மாட்டீர்களோ, எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு என் வீட்டில் போன் அடித்தது. அக்காதான். குரலைத் தாழ்த்திப் பேசினார். பின்னால் தட்டுச் சத்தம் கேட்டது.

"வந்துட்டாரா அக்கா?"

"வந்துட்டான். பொண்டாட்டி, கொழந்த எல்லாம் வந்திருக்குது."

"என்ன பேசினீங்க?"

"நான் எதுக்குப் பேசணும்? ரெண்டு வருஷமா நான் எழுதனத ஒக்காந்து கேட்டிருக்கான், ஒரு வார்த்த போட்டானா? நானும் பேசல" என்றார். கொஞ்சம் நிறுத்தி மூக்கை உறிஞ்சினார். "சோறு போட்டேன். மூணாவது தடவ வாங்கித் தின்னுட்டு இருக்கான்."